வாரத்துக்கு முப்பது கிலோமீட்டர்

"நாப்பத்தொண்ணா!"

போனைப் பார்த்துத் தையல்காரர் அலறிய அலறலில் மெஷின் தடம் மாறி, யாரோ ஒரு புண்ணியவானின் பேன்ட் பை வாயோடு சேர்ந்து தைபட்டுப் போனது.

அவருடைய மகள் நெடுந்தூர ஓட்டக்காரி. வளர்கிற எலும்பு, வாரத்துக்கு முப்பது கிலோமீட்டரைத் தாண்டினால் பள்ளி அணியிலிருந்தே பெயரை எடுத்துவிடுவேன் என்று கோச் கறாராகச் சொல்லியிருந்தார். ஒரு வாட்சும் கொடுத்திருந்தார். எவ்வளவு தூரம் என்பதை அது அப்பா போனுக்கும் கோச் போனுக்கும் அனுப்பிவிடும். பட்டை அரிக்கிறது என்று மகள் முதல் நாளே சிணுங்கினாள். "கழட்டிக் கண்ட இடத்துல வெச்சா தொலைஞ்சிடும். கையிலயே இருக்கட்டும்" என்று அப்பா அடக்கிவிட்டார்.

"திருட்டுத்தனமா எங்கடி ஓடினே?"

"நான் எங்கயும் ஓடலப்பா. அந்த வாட்ச் வந்து..."

"வாட்ச் மேல பழி போடாதே! இஞ்ச் டேப் பொய் சொல்லுமா?"

எதிராளியை ஒரு வாக்கியம் முடிக்க விட்டதாக அவருக்குச் சரித்திரமே இல்லை.

மறுநாளே காலை ஓட்டம் ரத்து. கடைக்கு மேலேதான் வீடு. மாடிப்படிக்குக் கீழே நாற்காலி போட்டு அவரே காவலுக்கு உட்கார்ந்தார். காவல்காரர் இடத்தை விட்டு எழுந்திருக்கலாமா? தைத்த துணியை வீடு வீடாகக் கொடுக்கவும், பட்டன் வாங்கவும், கரன்ட் பில் கட்டவும் மனைவி அலைந்தாள்.

அந்த வாரம் ஐம்பத்திரண்டு.

"மொட்டை மாடியில சுத்தறா!" என்று முடிவு கட்டி, மகளைக் கட்டிலோடு படுக்க வைத்தார். "பாவம், ஓடின கால். ஒத்தடம் குடு. பால் குடு. முட்டை குடு" என்று மனைவிக்கு உத்தரவு. மகள் கூப்பிட்டால் மேலே, வாடிக்கையாளர் வந்தால் கீழே என்று அவள் படியேறி இறங்கினாள். மகள் நன்றாகச் சதை போட்டதுதான் மிச்சம்.

அறுபத்து மூன்று!

போட்டிக்கென்று அவர் ஆசை ஆசையாகத் தைத்த சிவப்பு ஜெர்சி கடையில் தொங்கியது.

கடைசியில் கோச்சே கடைக்கு வந்துவிட்டார்.

"என்ன சார், பொண்ணு காலை ஒடைக்காம விடமாட்டீங்க போலிருக்கே? பேரை எடுத்துடறேன்."

"ஐயோ சார், அவ கட்டிலை விட்டே எறங்கல! எப்படி ஓடறான்னு எனக்கே புரியல. ஒரே ஒரு சான்ஸ் குடுங்க..." அவர் குரல் தழுதழுத்தது. வெட்டுத் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே மாடியைப் பார்த்துக் கூவினார்: "ஏம்மா, சாருக்கு ஒரு டீ!"

மனைவி தடதடவென்று இறங்கி வந்து, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க டம்ளரை நீட்டினாள்.

கோச் டம்ளரை வாங்கவில்லை. அவள் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தையல்காரரின் நாற்காலியைப் பார்த்தார்.

"பொண்ணு ஓடட்டும் சார். நீங்க எந்திரிச்சு, வாட்ச் கட்டியிருக்கிற இந்த அம்மாவை முதல்ல உக்கார வைங்க."