ஏரிக்குப் பதிலாகப் போன மயில்

தாம்பரம்,
17 ஏப்ரல் 1968

அன்பும் மரியாதையும் நிறைந்த ரத்தினபாய் அத்தைக்கு, பியூலா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் அப்பாவின் இருமல் உட்பட இங்கே எல்லாம் பழையபடி நலம். பாளையங்கோட்டையில் தாங்களும் மாமாவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வருவதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வர வேண்டாம். வெயில் கொளுத்துகிறது. கிணறு வற்றிவிட்டது. அன்றைக்குத் தாங்கள் தைக்கும்போது நூல் தீர்ந்து ஒற்றைக் காலோடு நின்றுபோன மயிலுக்கு, இந்த லீவில் மற்றக் காலையும் போட்டுவிடுகிறேன் என்று தாங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அத்தை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மயில் வீட்டில் இல்லை.

எங்கள் பள்ளி ஓவியக் கண்காட்சிக்கு உருப்படியாக ஒரு படமாவது வேண்டும் என்று தலைமையாசிரியை ஞானஜோதி அம்மாள் என்னைப் பம்மலுக்கு அனுப்பினார். அங்கே தோல் வியாபாரி கலீல் சாகிப் வீட்டில் சுவரெல்லாம் ஓவியங்கள். ஏரி ஓவியம் ஒன்றைக் கேட்டேன். "தாராளமா எடுத்துட்டுப் போம்மா. ஆனா ஆணி சும்மா நிக்கக் கூடாது. வெறும் ஆணியப் பார்த்தா வீட்ல யாரோ போயிட்ட மாதிரி இருக்கும். இது திரும்பி வர்ற வரைக்கும் உங்க வீட்டுப் படம் ஒண்ணு அங்க தொங்கட்டும்" என்றார். நம் வீட்டுச் சுவரில் இருப்பவை அப்பா அம்மாவின் கல்யாணப் போட்டோ, போன வருஷத்துக் காலண்டர், தாங்கள் கிராஸ் ஸ்டிச் போட்ட மயில். போட்டோவை எடுத்தால் அம்மா அழுவாள், காலண்டரைக் கொடுத்தால் பள்ளிக்கு அவமானம். தங்களைக் கேட்டால் கொடுக்கமாட்டீர்கள் என்று தெரியும், அதனால் கேட்காமலேயே மயிலைக் கொடுத்துவிட்டேன்.

ஏரியை மடியில் வைத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் வந்தேன். ஒவ்வொரு பள்ளத்திலும் ரிக்‌ஷாக்காரர் சிட்டிபாபு திரும்பிப் பார்த்து, "கெட்டியாப் புட்சிக்கோம்மா, தண்ணி சிந்திடப் போவுது!" என்று சிரித்தார். நான் ஏரியை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். யாராவது தொட்டுவிடுவார்களோ என்று கண்காட்சி முடியும்வரை நான் ஓவியத்தின் முன்னாலேயே நின்றதில், வந்தவர்கள் ஏரியைவிட என்னைத்தான் அதிகம் பார்த்தார்கள்.

நேற்று ஒரு கீறல்கூட இல்லாமல் திருப்பிக் கொண்டுபோனேன். சாகிப் ஏரியை ஏறிட்டும் பார்க்கவில்லை. "இத நீங்களே வச்சுக்குங்கம்மா. மயில் இங்கயே இருக்கட்டும்" என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி ஹஃபீசா அம்மாள், "அத யாராவது கழட்டினீங்க, நான் அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்!" என்று குரல் கொடுத்தார். மயில் தங்களுடையது என்று சொல்லாமலேயே ஏரியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வாசலில் சிட்டிபாபு, "இன்னாம்மா, ஏரி வோணாம்னுட்டாங்களா?" என்றார்.

இப்போது அந்த ஏரி நம் ஆணியில் தொங்குகிறது. பெரிய ஓவியர் வரைந்ததாம். எனக்கு அந்தத் தண்ணீரில் தங்கள் முகந்தான் தெரிகிறது. ஜூன் வரை பொறுங்கள், எப்படியாவது மீட்டுவிடுகிறேன்.

மாமாவுக்கு என் வந்தனம். ஜெபத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள், இந்த முறை கட்டாயம்.

கீழ்ப்படிதலுள்ள (எழுதவே கூசுகிறது) மருமகள்,
பியூலா

பி.கு.: உறையை ஒட்டும்போது, மயிலைத் தைத்தது யார் என்று கேட்டுக்கொண்டு சாகிப்பும் ஹஃபீசா அம்மாளும் வாசலில் வந்து நின்றார்கள். மயில் தங்களுடையது என்று பயந்துகொண்டே சொன்னேன். சாகிப் துள்ளிவிட்டார். "அந்தக் கால்னால தினம் எங்களுக்குள்ள சண்டைம்மா! அது ஒரு காலத் தூக்கி வச்சிருக்குன்னு நான் சொல்றேன், புல்லுல மறைஞ்சிருக்குன்னு இவ சொல்றா. உங்க அத்தை வந்து எதுன்னு சொல்லட்டும், மயில அவங்க கையிலயே குடுத்துடறேன்" என்கிறார். வெள்ளிக்கிழமையே வந்துவிடுங்கள், அத்தை. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. நூல் தீர்ந்துபோனதை மட்டும் அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.