எப்ப எடுத்தீக?

"நிறம் என்பது பொய்."

இதை நான் அறிவித்தபோது என் மனைவி அழகுமீனா தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்பிடியா? அப்பொறம் தக்காளி பழுத்துருக்கா காயான்னு எதை வச்சுப் பாக்குறதாம்?" என்றாள்.

கலைஞனுக்கு வீட்டில் கிடைக்கும் மரியாதை இவ்வளவுதான்.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் எனக்கு வேலை. பட்டாசுப் பெட்டி லேபிளில் நிறம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காலையில் போனால் சாயங்காலம் வரை சிவப்பு, மஞ்சள், பச்சை, ஊதா. லேபிளில் இருக்கும் கிளியின் மூக்கில் சிவப்பு குறைந்தால் முதலாளி என் மூக்கை உடைத்துவிடுவார். இப்படிக் கண் வெந்துபோன மனிதன் ஒரு கேமரா வாங்கினால் என்ன முடிவெடுப்பான்? கறுப்பு வெள்ளை. அதைத் தவிர வேறெதுவும் எடுப்பதில்லை என்று சாமி படத்துக்கு முன்னால் நின்று தீர்மானம் செய்தேன். சாமி படம் கலரில்தான் இருந்தது. பொறுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் படம் எடுக்கக் கிளம்பிவிடுவோம். அச்சங்குளம் பக்கம் பனைமரம், காரியாபட்டிச் சந்தையில் கிடா. நான் கேமராவைப் பிடிப்பேன். மீனா தெர்மாகோல் அட்டையைப் பிடிப்பாள். வெயிலை அதில் வாங்கிக் கிடாவின் முகத்தில் அடிக்க வேண்டும்.

"ஆடாமப் பிடி!"

"கை வலிக்குதுங்க."

"கலைன்னா வலிக்கத்தான் செய்யும்."

"கலை உங்களுக்கு, வலி எனக்கா?"

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. அத்தனை படங்களில் மீனா ஒரே ஒரு படத்தில்தான் வந்திருந்தாள். கிடா படத்தின் ஓரத்தில் அவள் கட்டைவிரல். அதையும் நான் வெட்டிவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் விருதுநகரில் திறந்தவெளிப் புகைப்படக் கண்காட்சி அறிவித்தார்கள். மைதானத்தில் சவுக்குக் கம்பு ஊன்றிப் படங்களைக் கட்டுவார்கள். பனியும் வெயிலும் படும் என்பதால் எல்லாம் பிளக்ஸில் அடித்துத்தான் கொடுக்க வேண்டும். நடத்துகிறவர் பொன்னுத்தங்கம் டீச்சர், ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியை. வாசலில், பஜார் ரோட்டைப் பார்த்து, எல்லாவற்றையும்விடப் பெரிய ஒரு படம். யாருடைய படம் என்று குலுக்கிப் போட்டார்கள். என் பெயர் விழுந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது எனக்குத் தரையில் கால் பாவவில்லை. ஊரே பார்க்கும் வாசல்! மீனா தட்டில் இன்னொரு தோசை வைத்தாள். அது மூன்றாவது. நெய் வேறு. விஷயம் இருக்கிறது என்று புரிந்தது.

"ஏங்க, வாசல்ல என்னையப் போடுங்களேன். அந்த அரக்குப் பட்டைக் கட்டிக்கிறேன். கலர்ல."

"மீனா, அது கண்காட்சி. ஜவுளிக்கடை விளம்பரம் இல்ல."

"கிடாவைப் போடுவீக. பெண்டாட்டியைப் போட மாட்டீகளா?"

"கிடா முகத்துல ஒரு சோகம் இருக்கு."

"சந்தையில நிக்கிற கிடா சிரிக்கவா செய்யும்?"

நான் அரை மணி நேரம் பேசினேன். நிறம் பொய், நிழல் மெய், கலையில் சமரசம் கிடையாது என்றெல்லாம் பேசினேன். கடைசியில் அவள், "சரிங்க" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து மீனா ஒரே வார்த்தையில் எதற்கும் ஒத்துக்கொண்டவள் இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"கிடா வேண்டாம். எங்கய்யாவை எடுங்க. அந்த மீசையும் சுருக்கமும் கறுப்பு வெள்ளையில எடுப்பா இருக்கும்ல?"

என் மனைவிக்குக் கலைக்கண் திறந்துவிட்டது என்று நினைத்தேன். எனக்குக் கண் கலங்கியது.

அந்த ஞாயிறே ஆனைக்குட்டம் போனோம். என் மாமனார் பெத்தணன் அங்கே கொத்தமல்லி, உளுந்து என்று விவசாயம் பார்க்கிறவர். கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்து வானத்தைப் பார்க்கச் சொன்னேன். மழை வருமா என்கிற யோசனையோடு பார்த்தார். எடுத்தேன். அப்படி ஒரு படம் என் வாழ்நாளில் எடுத்ததில்லை.

பிறகு மாமியார் கருப்பம்மாள் வைத்த கோழிக்குழம்பு. அதற்குப் பிறகு தூக்கம். விழித்துப் பார்த்தபோது மீனா அரக்குப் பட்டில் நின்றாள். தலையில் மல்லிகையும் கனகாம்பரமும். மாமியார் கையிலிருந்து தெர்மாகோல் பொடியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன, பட்டெல்லாம்?"

"கோயிலுக்குப் போய்ட்டு வந்தோம்."

திரும்பவும் தூங்கிவிட்டேன். குழம்பு அப்படி.

பிளக்ஸ் அடிக்க அசாருதீன் கடைக்குப் போனோம். படத்தைப் பார்த்தவர் மீனாவைப் பார்த்தார். மீனா அவரைப் பார்த்தாள். அசாருதீன் இருமினார்.

"கீழ எழுத்து என்னண்ணே?"

"நிம்மதி. அதுதான் தலைப்பு."

"அய்யா பேரும் ஊரும் வரட்டும்ங்க," என்றாள் மீனா. "எடுத்த தேதியும் போட்டாத்தான முறை?"

நியாயம்தான். கலைக்கு ஒரு ஒழுங்கு வேண்டும்.

"சுத்திக் கறுப்புப் பட்டை வச்சிருவமாண்ணே?"

"வைங்க. அம்சமா இருக்கும்."

"கவலையே வேண்டாம். இந்த மாதிரி வேலையெல்லாம் நமக்குத் தண்ணி பட்ட பாடு," என்றார் அசாருதீன்.

கறுப்பு வெள்ளைக் கலை இந்த வட்டாரத்தில் இவ்வளவு பரவியிருக்கிறதா என்று பெருமைப்பட்டேன்.

முதல் நாள் சாயங்காலம் வாசலில் படத்தைக் கட்டினேன். மறுநாள் காலையில் மாமாவை அழைத்துக்கொண்டு பின்னால் வருவதாக மீனா சொல்லிவிட்டாள். நான் மட்டும் முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன்.

படத்துக்கு மாலை போட்டிருந்தது. கீழே ஊதுபத்தி புகைந்தது. எதிர் டீக்கடையில் பாட்டை நிறுத்தியிருந்தார்கள். போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் நின்று போனார்கள். நான் நெகிழ்ந்துபோனேன். கலைக்கு மாலை போடும் ஊர் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது?

அப்போது சங்கிலிமுத்து அண்ணாச்சி வந்தார். மாமாவிடம் வழக்கமாக மல்லி வாங்குகிற வியாபாரி. கையில் பெரிய ரோஜா மாலை. வாயில் துண்டு.

"தம்பி, ஒரு வார்த்தை சொல்லலையே! இந்த வழியா வந்ததால பாத்தேன்."

"இப்பத்தான் வச்சோம் அண்ணாச்சி. எப்பிடி இருக்கு?"

"எப்பிடி இருக்குமா? மனசு பதறுது."

"அதுதான் வேணும்! பேரே நிம்மதி."

"அவருக்கு நிம்மதி. நமக்குத்தான் தாங்க முடியலை." மாலையைப் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எப்ப எடுத்தீக?"

"பதினெட்டாம் தேதி. காலையிலயே எடுத்துட்டேன். வெயில் ஏறிருச்சுன்னா சரியா வராது."

"காலையிலயேவா? சொந்தபந்தம் வரட்டும்னு காத்திருக்கலையா?"

"காத்திருந்தா முகம் மாறிரும் அண்ணாச்சி."

"அதுவும் சரிதான். வச்சிருந்தா மாறத்தான் செய்யும். கூட யாரெல்லாம் இருந்தாக?"

"மீனா மட்டுந்தான். அவ ஒரு பக்கம் பிடிச்சா, நான் எடுத்துட்டேன்."

"அட கடவுளே! பிடிக்க நாலு பேருகூட இல்லாமலா எடுத்தீக?"

படம் எடுக்க நாலு பேர் எதற்கு? திரும்பிப் படத்தைப் பார்த்தேன். கறுப்புப் பட்டை. நிம்மதி. பெத்தணன், ஆனைக்குட்டம். 18.1.2026. கலைஞனாக இல்லாமல், டீ குடிக்க வந்தவனாக முதல்முறை அதைப் படித்தேன். கண்ணீர் அஞ்சலி என்ற இரண்டு வார்த்தைதான் பாக்கி.

அண்ணாச்சிக்கு வேறொன்று உறைத்திருந்தது. முகம் வெளுத்துவிட்டது.

"தம்பி, பதினெட்டாம் தேதி எடுத்துட்டீகன்னா, போன வாரம் எங் கடையில மூட்டையை எறக்கிட்டு டீ குடிச்சுட்டுப் போனது யாரு?"

நான் பதில் சொல்வதற்குள் ஆட்டோ வந்து நின்றது. மாமா இறங்கினார். சங்கிலிமுத்து அண்ணாச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மாமா துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டினார். துக்க முகத்தோடு மெதுவாக வந்தார்.

"யாரு மாப்ள, தவறிட்டாக?"

அவரே அண்ணாந்து பார்த்தார். நன்றாக நேரம் எடுத்துப் பார்த்தார்.

"சாடை நம்மளை மாதிரியே இருக்கு. பாவம், நல்ல மனுசன் போல."

அதற்குள் பொன்னுத்தங்கம் டீச்சர் ஓடி வந்தார். "என்ன சார் இது, வாசல்லயே துட்டி வீடு மாதிரி! உள்ள ஒருத்தர் வர மாட்டேங்கிறாக. முதல்ல கழத்துங்க."

"டீச்சர், இது கலை..."

"கழத்துங்க சார்! ஆனா வாசல் மொட்டையா நிக்குமே. இப்பப் போயி எதைக் கட்டுறது?"

"எங்கிட்ட ஒண்ணு இருக்கு டீச்சர்," என்றாள் மீனா.

ஆட்டோவிலிருந்து ஒரு பிளக்ஸ் சுருளை எடுத்தாள். அளவு அதே அளவு. ஓட்டைகள்கூட அதே இடத்தில் இருந்தன. அண்ணாச்சி எழுந்து ஒரு முனையைப் பிடித்தார். எதையாவது பிடித்துக்கொண்டால் தேவலை என்ற நிலையில் இருந்தார்.

மீனா. அரக்குப் பட்டு. பின்னால் ஆனைக்குட்டம் அணைத் தண்ணீர், நீலமாக. அவள் யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகிறது. எனக்குப் பொறாமையாக இருந்தது. லேபிள் பார்க்கிற கண்ணால் பிழை தேடினேன். ஒரு நிறமும் தப்பாக விழவில்லை.

டீக்கடையில் பாட்டு போட்டார்கள். கூட்டம் கூடியது. பிள்ளைகள் அதன் முன்னால் நின்று செல்பி எடுத்தன. மாமா தன் மாலையைத் தானே கழுத்தில் போட்டுக்கொண்டு, "செத்ததாச் சேதி வந்தா ஆயுசு கூடும்பாக. மாப்ளைக்குத்தான் நன்றி சொல்லணும்," என்று அண்ணாச்சியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். துக்க முகத்தைக் காணோம்.

டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், உங்க படத்துலயே இதுதான் உயிரோட இருக்கு!"

நன்றி சொல்ல வாயைத் திறந்தபோதுதான் கீழே இருந்த எழுத்து கண்ணில் பட்டது.

ஒளிப்படம்: பெத்தணன். தெர்மாகோல்: கருப்பம்மாள்.

அடுத்த ஞாயிறு ஆனைக்குட்டம் அணைக்கரை. என் கேமரா மாமா கழுத்தில். மீனா மயில்பச்சைப் பட்டில். வெயில் சுள்ளென்று அடித்தது.

"கை வலிக்குது மீனா," என்றேன்.

"கலைன்னா வலிக்கத்தாங்க செய்யும். ஆடாமப் பிடிங்க."