எதிர்வீட்டுப் பெண்ணின் தாய்மாமனுக்கு

பிஸ்க்ரா,
ஆகஸ்ட் வெயிலில்.

மதிப்பிற்குரிய மச்சான் லஸ்ஹர் அவர்களுக்கு, தங்கை கணவன் மப்ரூக் சலாம் சொல்லி எழுதுவது. தலைநகரில் தாங்களும் தாங்கள் எழுதிய புவியியல் பாடநூலும் சௌக்கியம்தானே? இங்கே தங்கள் தங்கை அழுதபடி சௌக்கியம்.

வடக்கே கடல், தெற்கே பாலைவனம் என்று நாட்டையே பிசகில்லாமல் எழுதியவருக்கு, தங்கை வீடு தெருவில் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியவில்லை. ஒரே நாளில் எதிரெதிரே இரண்டு கல்யாணம், இரண்டு பந்தல், சரி, குழப்பம்தான். வந்தவரை யார் என்று கேட்பது நம் ஆட்களுக்குக் கேவலம், அதனால் எதிர்வீட்டுக்காரன் பெல்காசெமும் கேட்கவில்லை. கூஸ்கூஸும் ஆட்டுக்கறியும் வைத்தான். நீங்களாவது "மச்சானைக் காணோமே"ன்னு கேட்டிருக்கலாம். இரண்டாம் தட்டு வாங்கியிருக்கீங்க. நாட்டின் பொருளாதாரம் அன்றைக்கு எதிர்வீட்டில்தான் செழித்தது. அவன் ஆடு என் பேரீச்சங்கன்றைத் தின்ற நாளிலிருந்து அவனும் நானும் பேசுவதில்லை என்பது ஊருக்கே தெரியும்.

தின்னதோட போயிருந்தா மன்னிச்சிருப்பேன். உங்க அப்பாவோட வெள்ளைப் பர்னூஸ் அங்கியைப் போர்த்திக்கிட்டு, தாய்மாமன் தூக்கின கைக்கு அடியில குனிஞ்சுதானே நம்ம பொண்ணு வாசலைத் தாண்டணும்? அதுக்குத்தானே உங்களை வரச்சொன்னது? இங்கே ஸூலிகா காத்து நிக்கிறா, மாப்பிள்ளை வீட்டுக் காருங்க ஹாரன் அடிச்சே காதைக் கிழிக்குது, சம்பந்தியம்மா "இந்தப் பொண்ணுக்கு மாமனே கிடையாதா?"ன்னு என் காதுபடக் கேட்கிறாங்க. "அண்ணன் வந்துட்டே இருப்பார்"னு சொல்லிக்கிட்டே உங்க தங்கை வெளியே எட்டிப்பார்த்தா, அண்ணன் எதிர்வாசல்ல முகம் மூடின பெல்காசெம் மகளுக்குப் பர்னூஸைப் போர்த்தி, கையைத் தூக்கி அனுப்பிட்டு, கண்ணைத் துடைச்சுக்கிட்டு நிக்கிறார். அந்தப் பொண்ணுக்கு நிஜமாவே மாமன் இல்லை. பெரிய மனுஷர் ஒருத்தர் பர்னூஸோட வந்து நின்னா யார்தான் வேண்டாம்பாங்க? காரோட பர்னூஸும் போச்சு. நான் கத்தினதும் தப்பு புரிஞ்சு, வெட்கத்துல நேரா ஓடிப்போய் பஸ் ஏறினீங்களே, அந்த வழி மட்டும் நல்லாத் தெரிஞ்சிருக்கு.

ஆகவே இன்றோடு உறவு தீர்ந்தது. தாங்கள் நீடூழி வாழ்க, தங்கள் புத்தகம் பல பதிப்புகள் காண்க, வீட்டில் அனைவருக்கும் என் சலாம்.

இப்படிக்கு,
மப்ரூக்

பி.கு.: ஸூலிகா எப்படிப் போனாள்னு கேட்பீங்க. நீங்க ஓடினதும் பெல்காசெம் தன் பர்னூஸைக் கையில எடுத்துக்கிட்டுத் தெருவைத் தாண்டி வந்தான். "என் பொண்ணுக்கு உங்க வீட்டு மாமன் கை தூக்கினார். உன் பொண்ணுக்கு என் கை ஆகாதா?"ன்னான். அவன் கைக்கு அடியிலதான் போனாள். உங்களைவிடச் சத்தமா அழுதான். நானும்தான். வசந்தத்தில் சின்னவளுக்குக் கல்யாணம், அவசியம் வாங்க. வாசலைத் தேட வேண்டாம், எதுல நுழைஞ்சாலும் நம்ம வீடுதான்.