கரடி காரில் பாடிய கொசு

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. கரடியிடம் ஒரு கார் இருந்தது. காரில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. கம்ப்யூட்டருக்குள் ஒரு கொசு இருக்கிறது என்று காடு முழுக்கப் பேச்சாக இருந்தது.

கொசுவெல்லாம் இல்லை. கரடியின் பெயர் சடையாண்டி. மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலங்களுக்கு வாடகைக் கார் ஓட்டிப் பிழைத்து வந்தது. பழைய டேப் ரெக்கார்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஆசை ஆசையாக ஒரு கம்ப்யூட்டரைப் பொருத்தியது. தொட்டால் பாடும், கேட்டால் வழி சொல்லும். ஆனால் எந்தப் பாட்டைப் போட்டாலும் கூடவே 'ஙொய்ங்' என்று ஓர் இரைச்சல். ஆக்சிலேட்டரை மிதித்தால் சுருதி ஏறும், காலை எடுத்தால் இறங்கும். நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்க நிறுத்தினாலும் இது நிறுத்தாது.

இருவாச்சிப் பறவைகளின் வீட்டில் ஒரு கல்யாணம் வந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் கொம்பையா பெரிய அலகை நீட்டிக்கொண்டு வந்து பானட்டில் உட்கார்ந்தது.

"ஏன்ப்பா சடையாண்டி, மயில் வீட்டு ஊர்வலத்துல ஒரு கொசுவும் சேர்ந்து பாடுச்சாமே?"

"கொசு இல்லீங்க மாமா, கம்ப்யூட்டரு."

"என்ன எழவோ. பொண்ணு வீட்டுல அத்தனை பேரும் சங்கீதம் தெரிஞ்சவங்க. நாளைக்கு அது வாயைத் திறந்துச்சு, அப்புறம் எங்க பறவைக் கூட்டத்துல ஒருத்தரும் உன் கார்ல ஏற மாட்டோம். எங்களுக்கென்ன, றெக்கை இருக்கு."

கரடிக்குப் பறவைகளை விட்டால் வேறு பிழைப்பில்லை. மான்கள் மொத்தமாக ஓடிவிட்டு அதையே ஊர்வலம் என்று சொல்லிவிடும். புலி வீட்டு ஊர்வலத்துக்கு வண்டி ஓட்டப் போன ஆடு இன்னும் திரும்பவில்லை.

எனவே காரில் கை வைத்த எல்லாரையும் கூப்பிட்டது. பேட்டரி வேலை பார்த்த முள்ளம்பன்றி வேலுச்சாமி, கம்ப்யூட்டர் மாட்டிய கீரி துரைக்கண்ணு, ஆம்ப்ளிஃபையர் வைத்த மரநாய் பூபாலன். மூன்றும் வந்து கேட்டன. மூன்றுக்கும் கோளாறு உடனே பிடிபட்டுவிட்டது. சிக்கலே அதுதான்.

"எர்த் வயருண்ணே," என்றது கீரி. "ஒவ்வொரு சாமானுக்கும் ஒண்ணு இருக்கும். அதைக் கார் பாடியில ஒரு போல்ட்டுல முறுக்குவோம். நாங்க ஆளுக்கொரு இடத்துல முறுக்கியிருக்கோம். அந்தச் சந்துல டைனமோ சத்தம் பாட்டுக்குள்ள பூந்துடுது."

"எல்லாத்தையும் ஒரே போல்ட்டுல மாட்டுனா சரியாப் போயிடும்," என்றது மரநாய்.

"டீ ஆறுறதுக்குள்ள முடிச்சிடலாம்," என்றது முள்ளம்பன்றி.

"அப்போ மாட்டுங்கப்பா."

"மாட்டலாம். என் போல்ட்டுல," என்றன மூன்றும் ஒரே குரலில்.

அடுத்தவன் போல்ட்டில் தன் வயரைக் கட்டினால் சாதிசனம் என்ன சொல்லும் என்று ஒன்று கேட்டது. தொழிலையே விட்டுவிடுகிறேன் என்றது இன்னொன்று. கரடி கெஞ்சிக் கூத்தாடி, ஹேண்ட் பிரேக் பக்கத்தில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பொது போல்ட்டைக் காட்டியது. சரி என்றன. பிறகு, யார் வயர் மேலே என்ற பேச்சு வந்தது.

"வயசுல மூத்தவன் நான். எனக்கு மேல," என்றது முள்ளம்பன்றி.

"தாராளமா. கீழ இருக்கிற வயருதான் பாடியைத் தொடும். அதுதான் உசத்தி," என்றது கீரி.

உடனே முள்ளம்பன்றியும் கீழேதான் வேண்டும் என்றது.

"ரெண்டு பேருக்கும் நடுவுல நசுங்கவா எங்கப்பன் என்னைப் பெத்தான்?" என்றது மரநாய்.

முள்ளம்பன்றிக்குக் கோபத்தில் முள் சிலிர்த்து சீட்டெல்லாம் ஓட்டை. மூன்றும் மூன்று திசையில் போய்விட்டன.

கரடி தானே ஸ்பேனரை எடுத்தது. வயர்களை இழுத்து வந்து பொது போல்ட்டில் மாட்டியது. எது மேல், எது கீழ் என்று தெரிந்தால் பாவம் என்று கண்ணை மூடிக்கொண்டே முறுக்கியது. பாட்டைப் போட்டது. பாட்டு மட்டும்தான் வந்தது. கரடிக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் ஊர்வலம். நாதஸ்வர இசை கற்கண்டாகக் கேட்டது. தாய்மாமன் தலையாட்டியது. ஆனால் அந்த மூன்றும் பின்சீட்டில் மாப்பிள்ளையை நெருக்கிக்கொண்டு ஏறியிருந்தன. இரைச்சல் வந்தால் மற்ற இரண்டையும் குத்திக்காட்ட வேண்டுமல்லவா? அதுவோ வரவில்லை.

"சடையாண்டி, யார் வயரு கீழ இருக்கு?"

"கண்ணை மூடிக்கிட்டு முறுக்கினேன் சாமிகளா."

"புளுகாதே. இந்தக் கீரிப்பய வயருதானே?"

"ஏன், இருந்தா என்ன?"

தொடங்கிவிட்டது. கரடி வேகத்தைக் கூட்டினால் சண்டையின் சுருதி ஏறியது. குறைத்தால், நிறுத்திவிட்டு இறங்கி அடித்துக்கொள்ளலாமா என்று கேட்டன. மாப்பிள்ளையின் வேட்டியில் முள் தைத்தது.

"ஒரு கொசு போயி மூணு கொசுவா?" என்றது தாய்மாமன். "முக்குல பொண்ணு வீட்டார் நிக்கிறாங்க. அதுக்குள்ள வாயை அடைக்கிற."

கரடி காரை நிறுத்தியது. சுற்றிச் சுற்றி ஓடி, ஒவ்வொரு வயரையும் அதனதன் பழைய போல்ட்டில் திரும்ப முறுக்கியது. 'ஙொய்ங்' வந்தது.

சண்டை பட்டென்று நின்றது. மற்ற இரண்டின் வேலை சரியில்லை என்று மூன்றுக்கும் மனம் நிறைந்துவிட்டது. சாய்ந்து உட்கார்ந்து ஊரை வேடிக்கை பார்த்தன.

கரடி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆக்சிலேட்டரில் வைத்த காலை அசைக்காமல் ஓட்டியது. கால் அசையாததால் சுருதியும் அசையவில்லை. பெண்ணின் அப்பா முன்னால் வந்து காது கொடுத்துக் கேட்டது.

"அது என்ன சம்பந்தி, அடியில ஒரே சீரா ஒரு சத்தம்?"

கரடி கண்ணை மூடிக்கொண்டது. தாய்மாமன் கொம்பையா தொண்டையைக் கனைத்தது.

"ஒத்து," என்றது. "நாதஸ்வரத்துக்குப் பின்னால ஒரே சுருதியில ஒத்து ஊதாம நாங்க ஊர்வலம் விடுறது இல்லை. எங்க வழக்கம்."

"இந்தக் காலத்துல யாருங்க இவ்வளவு பார்க்கிறாங்க," என்று பெண்ணின் அப்பா நெகிழ்ந்துபோய் மாலையை எடுத்துத் தாய்மாமனுக்கே போட்டுவிட்டது.

அதற்கப்புறம் ஒத்து இல்லாத காரில் எந்தப் பறவையும் ஏறுவதில்லை. மற்ற கார்க்காரர்களும் அந்த மூன்றையும் தேடி வருகிறார்கள். மூன்றும் ஒற்றுமையாகப் போய், ஆளுக்கொரு போல்ட்டில் முறுக்கிவிட்டு வருகின்றன.

நீதி: கோளாறு தீராவிட்டால் அதற்கு ஒரு நல்ல பெயர் வையுங்கள். பெயர் வைப்பவர் தாய்மாமனாக இருந்தால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.