மரத்தைப் பிடித்து அடைத்தவர்

திண்டிவனத்தில் மரத்தைப் பிடித்து உள்ளே தள்ளிய ஒரே மனுஷன் எங்கள் பவுண்டுக்காரர்தான்.

பவுண்டு என்றால் ஊர் மேயும் ஆடுமாடுகளுக்கு முனிசிபாலிட்டி வைத்திருந்த ஜெயில். சந்தை ரோட்டில் ஆள் உயரச் சுவர், இரும்புக் கேட், உள்ளே மொட்டைத் தரை. அதற்குக் காவல் இவர். இவர் பெயர் இவருடைய பெண்டாட்டிக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்குத் தெரியாது.

ஐம்பதுகளின் கடைசி. எனக்குக் கல்யாணமான புதிது. வீட்டில் என் பேச்சைக் கேட்காத ஜீவன் இரண்டு. ஒன்று என் வெள்ளாடு. இன்னொன்றைச் சொன்னால் பேரப்பிள்ளைகள் சிரிக்கும்.

அந்த வருஷம் கத்திரி வெயிலில், ஜுரமாய்க் கிடந்த பெண்டாட்டியை விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக பவுண்டுக்காரர் பஸ்ஸுக்கு நின்றார். சந்தை ரோட்டில் ஒதுங்க ஒரு இலை கிடையாது. பஸ் வரும்போது அந்த அம்மாள் மண்ணில் கிடந்தாள். பஸ் ஏறவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் ரோட்டோரம் புங்கங்கன்று வைத்தார். என் ஆடு தின்றது. திரும்ப வைத்தார். திரும்பவும் தின்றது. பிடித்து அடைத்தார். மீட்கப் போனேன்.

"எத்தினி தபாம்மா புடிக்கிறது? இதுக்கு பவுண்டு மாமியார் ஊடு மாதிரி ஆயிப்போச்சி."

"வாயில்லா ஜீவன்ண்ணே."

"வாயில்லையா? வாய் மட்டுந்தாம்மா கீது அதுக்கு."

சொல்லிவிட்டு ஆட்டைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். அடுத்த வாரம் பவுண்டுக்குள் இருபது கன்று. ஆடெல்லாம் வெளியே.

"இன்னாண்ணே, மரம் ஓடிப்போயிடுமா?"

"ஆடு ஓடியாருதே. ஆட்டு வாய்க்கி எட்டாம வளந்ததும் கேட்ட எடுத்துடுவேன். பஸ்ஸுக்கு நிக்கிற சனம் உள்ளாற வந்து குந்தட்டும்."

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். சாயங்காலம் ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோனேன். தின்றது என் ஆடுதானே.

மூன்றாம் வருஷம் கன்றுகள் என் தலைக்கு மேலே போய்விட்டன. அப்போதுதான் சேதி வந்தது. பவுண்டில் ஒரு ஆடுகூட அடைபடுவதில்லையாம், மேலதிகாரி பார்க்க வருகிறாராம், காலியாக இருந்தால் இடித்துவிட்டுக் கிடங்கு கட்டுவார்களாம்.

அதிகாரி கண்ணுக்கு ஆடு வேண்டும். ஆட்டை உள்ளே விட்டால் பட்டையைக் கடிக்கும், மரம் பட்டுப்போகும். போரடிக்கிற மாட்டுக்குக் கட்டும் வாய்க்கூடையை ஆட்டுக்குக் கட்டி, ஏழு பொம்பளைகள் ஏழு ஆட்டைப் பிடித்துக்கொண்டு பவுண்டுக்குள் நின்றோம். பவுண்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உச்சி வெயிலில் அதிகாரி வந்தார். "ஆட்டுக்கு எதுக்கும்மா கூடை?"

"கடிக்கும் சார்" என்றேன், கூசாமல்.

"இவ்வளவு பொம்பளைங்க எதுக்கு?"

"ஆட்டுக்குத் தொணைக்கி சார்."

பிடிபட்ட ஆடுமாட்டை எழுதிவைக்கும் ரெஜிஸ்டரைப் பவுண்டுக்காரரிடம் வாங்கிப் பிரித்தார். சத்தமாகவே படித்தார். "பிடித்த இடம்: சந்தை ரோடு. இனம்: புங்கு. சொந்தக்காரர்: ஊர்." அடுத்த வரியும் அதே. இருபது வரியும் அதே.

"என்னய்யா இது?"

"கேக்க நாதியில்லாம வெயில்ல நின்னுக்கினு இருந்துதுங்க. புடிச்சாந்து உள்ளாற வச்சேன்."

"அப்போ இந்த ஆடுங்க?"

"அதுங்க இவுங்களோட வந்துதுங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

பொய் சொல்ல வராத மனுஷனை நம்பி இறங்கினால் இதுதான் கதி. என் ஆட்டுக் கூடையைக் கழற்றி அவர் வாயில் கட்டலாமா என்றிருந்தது.

அதிகாரி தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே எப்போதோ அங்கிருந்ததில் உயரமான புங்கின் அடியில் ஒதுங்கியிருந்தார். அண்ணாந்து இலையைப் பார்த்தார்.

"விழுப்புரம் பஸ் எப்போ?"

"அரமணி ஆவுங்க."

அங்கேயே மண்ணில் உட்கார்ந்தார். பஸ் வரும்வரை எழுந்திருக்கவில்லை. பவுண்டை இடிக்க அப்புறம் யாரும் வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்துக் கேட்டைத் தன் கையாலேயே கழற்றினார் பவுண்டுக்காரர். மல்லாட்டைக் கடலை மூட்டைக்காரர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், நோயாளிகள் எல்லாரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அவர் மட்டும் அந்த நிழலில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பஸ் நிற்கும் இடத்திலேயே வெயிலில் நிற்பார்.

அறுபதுகளில் ஒரு நாள் காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. சாவை எழுதிக்கொள்ள முனிசிபாலிட்டி ஆள் வந்தார். பெயர் கேட்டார். பவுண்டுக்காரர் என்றோம். சொந்தக்காரர் யார் என்றார். தெருவே ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டது.

கையெழுத்துக்கு மேல் எழுதத் தெரியாத நான்தான் சொன்னேன்: "ஊருன்னு எழுதிக்குங்க சார்."