மாப்பிள்ளை வீட்டாரும் என் மோட்டார் படகும்

திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் போடும் ரிக் வண்டியில் சுற்றிய எவனும் "எனக்கு எஞ்சின் ரிப்பேர் தெரியாது" என்று சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னால் பெண் தர மாட்டார்கள். (தெரியும் என்று நான் சொன்னதால் என் தங்கச்சி கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.)

தங்கச்சி சுகந்திக்குக் காவிரிக்கு அக்கரையில் ஒரு வரன் அமைந்தது. பையனை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. தை மாதம் பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "பாலத்தைச் சுத்திக்கிட்டு எதுக்குங்க வாரீங்க? நம்ம மோட்டார் படகுலயே கூட்டிக்கிட்டு வந்தர்றேன்" என்று போனில் அளந்துவிட்டேன்.

படகு பழசு, மோட்டார் அதைவிடப் பழசு. ஆற்றில் வெள்ளம் வந்ததிலிருந்து கழற்றி மூலையில் போட்டிருந்தேன்.

"அண்ணா, மொதல்ல ஒருக்கா ஓட்டிப் பாத்துக்க. இந்த எடம் மட்டும் கெட்டுப்போச்சு, உம்பட மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்றாள் சுகந்தி.

"ஆயிரம் அடி போர் போடற கம்ப்ரசரையே பிரிச்சு மாட்டின கை சாமி இது!" என்றேன். ஓட்டிப் பார்க்கவில்லை.

அன்றைக்குக் காலையில் ஆற்றங்கரையில் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தேன். ம்ஹூம். பிளக்கைத் துடைத்தேன். பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதுசு ஊற்றினேன். கார்புரேட்டரை வாயால் ஊதி உறிஞ்சியதில் பாதிப் பெட்ரோல் என் வயிற்றுக்குள் போனது. (பக்கத்தில் பீடி பற்றவைத்த ஒருவர் மரியாதையாக எழுந்து தள்ளிப் போனார்.) தோள்பட்டைதான் கழன்றது, மோட்டார் இருமக்கூட இல்லை. பட்டு வேட்டியை அவிழ்த்து வைத்துவிட்டு, பனியனும் டவுசருமாக, முகமெல்லாம் ஆயிலோடு மல்லுக்கட்டினேன். அக்கரையில் பட்டுச் சேலைகள் வெயிலில் நிற்பது தெரிந்தது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்து என்னத்தைச் சொல்ல?

கடைசியில் அவர்களே ஒரு பரிசல் பிடித்து இக்கரைக்கு வந்துவிட்டார்கள். முதலில் இறங்கிய மாப்பிள்ளையின் அம்மா நேராக என்னிடம் வந்தார். நேரில் என்னைப் பார்த்ததில்லை.

"ஏனுங்க படகுக்காரரே, பொண்ணூட்டுக்கு எப்புடிப் போறதுங்க?"

நான் வழியைக் காட்டினேன். நான்தான் அந்த அண்ணன் என்று மட்டும் சொல்லவில்லை.

"பொண்ணோட அண்ணன் படகோட வாரேன்னு சொல்லிப்போட்டு ஆளையே காணமுங்க. குடும்பமே இப்புடித்தானோ என்னமோ. பேசாம திரும்பிப் போயரலாமான்னு பாக்கறோம்."

ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு எழுந்தேன். "ஐயையோ, அப்புடிச் சொல்லாதீங்க! அவரு தங்கமான மனுசருங்க. எஞ்சின் வேலைன்னா புலிங்க!"

"அப்ப அந்தப் புலியக் கூப்புட்டு இதைச் சரிபண்ணச் சொல்றதுதானுங்களே?" என்றபடி நடந்தார்.

படகைக் கட்டிப் போட்டுவிட்டுக் குறுக்கு வழியில் ஓடி, கொல்லைப்புறமாக வீட்டுக்குள் நுழைந்தேன். அதற்குள் அவர்கள் கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். என்னைப் பார்த்ததும் என் அம்மா அலறினார்: "டேய், பொண்ணுக்கு அண்ணனாட்டமா இருக்கற? என்னடா இது கோலம்?"

மாப்பிள்ளையின் அம்மா, வாய்க்குக் கொண்டுபோன காபி டம்ளரைக் கீழே வைத்தார். உள்ளறைக் கதவிடுக்கில் சுகந்தியின் கண்கள் கலங்குவதைப் பார்த்தேன். செத்தேன் என்று நினைத்தேன்.

அப்போது வெளியே காற்றாட நின்றிருந்த மாப்பிள்ளைப் பையன், கையில் ஒரு சிவப்புக் கயிற்றோடு உள்ளே வந்தார்.

"மச்சான், இது படகு மோட்டார் சுவிட்சுல மாட்டற பாதுகாப்புக் கயிறு தானுங்களே? கன்னுக்குட்டி கழுத்துல கெடக்குது. இதோட முனைக் கிளிப்பைச் சுவிட்சுல மாட்டாம ஸ்டார்ட்டரை நாள் பூரா இழுத்தாலும் ஸ்டார்ட் ஆவாதுங்க."

மாட்டுப் பொங்கலுக்குப் புதுக் கயிறு தேடியபோது, சிவப்பாக லட்சணமாக இருக்கிறதே என்று மணி கோத்துக் கட்டிய மகராசன் நான்தான். ஆனால் கயிற்றைப் பற்றி அங்கே யார் கவலைப்பட்டார்கள்? எல்லார் காதிலும் விழுந்தது 'மச்சான்' மட்டும்தான். உள்ளே சுகந்தி சிரித்துவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா தலையில் அடித்துக்கொண்டு டம்ளரை மறுபடி எடுத்தார்.

இன்றைக்கும் எந்த விசேஷத்துக்கு வந்தாலும், அந்தச் சம்பந்தியம்மா வாசலில் நிற்கும் என்னிடமே சத்தமாகக் கேட்பார்:

"ஏனுங்க படகுக்காரரே, பொண்ணோட அண்ணன் வந்துட்டாருங்களா?"

"இன்னும் இல்லீங்க" என்று சொல்லி வைக்கிறேன். வேறென்ன செய்ய?