எனக்குப் பச்சை விழுந்த விபரம்

கொட்டாஞ்சேனை,
சனிக்கிழமை.

அன்புள்ள பெரியண்ணன் செபஸ்தியன் அவர்களுக்கு,

மாதாவின் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், என் முதுகைத் தவிர. நீர்கொழும்பில் நீங்களும் அண்ணியும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். தொலைபேசியில் சொன்னால் என் மனைவி ரொஷேலின் காதில் விழும் என்பதால் எழுதுகிறேன்.

போன மாதம் எங்கள் தேயிலைக் களஞ்சியத்துக்கு, நாங்கள் வேலை செய்யும் விதத்தைப் பார்க்கவென்று ஹம்சிகா என்றொரு பிள்ளை வந்தாள். முகத்தில் பாதியை மறைக்கும் கண்ணாடி போட்டிருந்தாள். அதனூடாக நாங்கள் பெட்டி தூக்குவதைப் பார்த்தால் எங்கள் உடம்பின் மேலேயே கோடுகள் தெரியுமாம். சரியாகத் தூக்கினால் பச்சை, முதுகைக் கெடுக்கிற மாதிரித் தூக்கினால் சிவப்பு. "அங்கிள், நான் இல்லை எண்டு நினைச்சு வழமையா வேலை செய்யுங்கோ" என்றாள். சிவப்பு விழுந்தவனை வீட்டுக்கு அனுப்பத்தான் இந்த ஏற்பாடு என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம், மகளின் படிப்பும் முடியவில்லை, இந்த வயதில் எவன் வேலை தருவான்? ஆகவே முதுகு நோவுக்கு இரண்டு பெனடோல் போட்டு, சேர்ட்டுக்குள் இடுப்புப் பட்டியை இறுக்கி, ஒவ்வொரு பெட்டிக்கு முன்னாலும் பூசையில் செய்வதுபோல முழந்தாளிட்டு, முதுகு வளையாமல் தூக்கினேன். வலியில் கண்ணீர் வந்தது. கண்ணீருக்குக் கோடு இல்லைப்போலும். ஹம்சிகா பார்த்துச் சொன்னாள், முழுக்கப் பச்சை. பக்கத்தில் பெட்டி தூக்கும் நிஸாம் வெட்கமில்லாமல் "யா அல்லாஹ்" என்று இடுப்பைப் பிடித்து முனகினான், அவனுக்கு முழுக்கச் சிவப்பு. பாவம், பிள்ளைகுட்டிக்காரன் என்று அவனுக்காகக் கோயிலில் ஒரு மெழுகுதிரியும் கொளுத்தினேன்.

வியாழக்கிழமை முடிவு வந்தது. சிவப்பு விழுந்தவர்களுக்குப் பெட்டியைத் தானே உயர்த்தும் மேசை, சாய்மானக் கதிரை. நிஸாம் அதில் சாய்ந்திருந்து பிளேன்டீ குடிக்கிறான். பச்சை விழுந்தவன் நான் ஒருத்தன்தான். என்னை லொறி ஏற்றும் பக்கம் மாற்றிவிட்டார்கள். அங்கே பெட்டி இல்லை, ஐம்பது கிலோ மூட்டை. "மச்சான், நோகுதுண்டு வாயத் தொறந்து சொல்லீக்கலாந்தானே" என்கிறான் நிஸாம். அழுகை வந்தது அண்ணன். இப்போது சப்பாத்து நாடா கட்டக்கூட என்னால் குனிய முடியவில்லை.

திங்கட்கிழமை ஹம்சிகாவிடம் எல்லா உண்மையையும் சொல்லிவிடப் போகிறேன். வேலை போனாலும் போகட்டும், இனிமேல் நடிக்க என்னால் ஏலாது. எனக்காக ஒரு செபமாலை சொல்லுங்கள். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. ஆண்டவர் உங்கள் வீட்டில் குறைவைக்காமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
தம்பி ஹியூபேட்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் ஹம்சிகா தொலைபேசியில் கோல் எடுத்தாள். சரியான முறையில் தூக்குவதற்காக வெள்ளிக்கிழமை எனக்கு விருதாம், படமும் எடுப்பார்களாம். ரொஷேல் இப்போதே கோட்டை அயன்பண்ணுகிறாள். ஆகவே முதுகு பற்றி ஒருவரிடமும் மூச்சுவிட வேண்டாம். நீங்கள் கட்டாயம் வரவேண்டும். மேடைக்கு நாலு படி இருக்கிறதாம், யாராவது என்னைப் பின்னாலிருந்து தள்ளவேண்டும்.